எதைச் சேர்ப்பது, எதை விடுவது?



இந்த மாலையில் இரண்டு செல்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒன்று மூளையில் உள்ள நரம்பு செல். இன்னொன்று புற்றுநோய் செல். நரம்பு செல் ஒருமுறை முதிர்ந்துவிட்டால் பிறகு பிரிவதே இல்லை. நீங்கள் முதன்முதலில் பள்ளிக்கூடம் போன அன்று உங்கள் தலைக்குள் இருந்த நரம்பு செல்களில் பெரும்பாலானவை இன்று இந்த அரங்கிலும் உங்களோடு உட்கார்ந்திருக்கின்றன. புற்றுநோய் செல் அப்படியா? அதற்கு நிற்கத் தெரியாது. பிரியும், மறுபடியும் பிரியும், இடம் போதாவிட்டால் அடுத்த உறுப்புக்குப் போய்ப் பிரியும்.

ஒரே உடம்பில் இருக்கும் இந்த இரண்டு செல்களும் ஒரே கருமுட்டையின் வழிவந்தவை. புற்றுநோய் செல்லில் சில பிழைகள் சேர்ந்திருக்கும். அவற்றை நீக்கிப் பார்த்தால் இரண்டிலும் அதே டி.என்.ஏ., அதே 20,000 அளவிலான மரபணுக்கள். பிறகு ஏன் ஒன்று இவ்வளவு அடக்கமாகவும் மற்றொன்று இவ்வளவு அடங்காமலும் இருக்கிறது? எந்த மரபணு விழித்திருக்கிறது, எது உறங்குகிறது என்பதுதான் காரணம் என்று பாடநூல் சொல்லும். சரிதான். ஆனால் அது பாதி விடை. விழித்திருக்கும் மரபணுவின் செய்தியில் எந்தத் துண்டைச் சேர்த்துக்கொள்வது, எந்தத் துண்டை விட்டுவிடுவது என்று செல் எடுக்கும் முடிவில் இருக்கிறது மீதி விடை. அந்த முடிவுக்கு ஸ்ப்ளைசிங் என்று பெயர். அதுவே இன்றைய பொருள்.

1977ஆம் ஆண்டுக்குப் போவோம். அமெரிக்காவில் இரண்டு ஆய்வகங்கள். ஒன்று எம்.ஐ.டி.யில், மற்றொன்று கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில். இரண்டிலும் அடினோவைரஸ் என்ற சளிக் கிருமியை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அந்த வைரஸின் தூது ஆர்.என்.ஏ.வை எடுத்து, அது உருவான டி.என்.ஏ.வோடு சேர்த்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஆர்.என்.ஏ. என்பது டி.என்.ஏ.வின் நகல்தானே? அப்படியானால் தலையிலிருந்து கால்வரை இரண்டும் ஒட்டிப் படுத்திருக்க வேண்டும். ஆனால் அவர்கள் கண்டது வேறு. டி.என்.ஏ. அங்கங்கே வளையம் வளையமாகப் பிதுங்கி நின்றது. அந்த வளையங்களோடு ஒட்டுவதற்கு ஆர்.என்.ஏ.வில் எதுவுமே இல்லை. நடுவில் நீண்ட பகுதிகள் வெட்டி எடுக்கப்பட்டு, மீதி இணைக்கப்பட்டிருந்தது.

இந்தக் கண்டுபிடிப்புக்காக 1993இல் பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. தகுதியானவர்கள்தான். ஆனால் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து அந்த வளையங்களைக் கண்ணால் கண்டவர்களின் பெயரையும் இந்த மேடையில் சொல்லியாக வேண்டும். எம்.ஐ.டி.யில் சூசன் பெர்கெட், கிளேர் மூர். கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் லூயிஸ் சௌ, தாமஸ் புரோக்கர், ரிச்சர்ட் ஜெலினாஸ். லூயிஸ் சௌவின் நுண்ணோக்கிப் படங்கள் இல்லாமல் அந்தக் கண்டுபிடிப்பை நினைத்துப் பார்க்கவே என்னால் முடியவில்லை. பரிசில் இடம் இல்லாமல் போனாலும் வரலாற்றில் அவர் இடம் குறையக் கூடாது.

அந்தத் துண்டுகளுக்கு 1978இல் வால்டர் கில்பர்ட் பெயர் சூட்டினார். சேர்த்துக்கொள்ளப்படும் துண்டு எக்ஸான். வெட்டி எறியப்படும் துண்டு இன்ட்ரான். சினிமாவில் பல நாள் எடுத்த காட்சிகளையெல்லாம் எடிட்டிங் மேசையில் வெட்டி, இரண்டரை மணி நேரப் படமாக ஒட்டுகிறார்களே, அந்த வேலைதான். எவ்வளவு வெட்டு தெரியுமா? நம் தசைகளுக்கு வலு தரும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்தின் மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் சுமார் 22 லட்சம் எழுத்துகள். அதை ஒருமுறை நகலெடுத்து முடிக்கவே செல்லுக்குச் சுமார் 16 மணி நேரம் ஆகிறது. அந்த நகலிலிருந்து 79 எக்ஸான்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வெட்டிவிடுகிறது. கடைசியில் மிஞ்சுவது சுமார் 14,000 எழுத்துகள். நூற்றில் ஒரு பங்குகூட இல்லை! ஒரே ஓர் எழுத்து தள்ளி வெட்டினாலும் அதற்குப் பின் வரும் எல்லாமே பொருளற்றுப்போகும்.

வெட்டுவது யார்? பெரும்பாலான இன்ட்ரான்களின் தொடக்கத்தில் ஜி, யு என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும். முடிவில் ஏ, ஜி என்ற இரண்டு எழுத்துகள். அந்த எல்லைக் குறிகளைப் படித்து வெட்டும் பெரிய கருவிக்கு ஸ்ப்ளைசியோசோம் என்று பெயர். அந்தக் கருவியின் உறுப்புகளை அடையாளம் காண உதவியது லூபஸ் நோயாளிகளின் ரத்தம் என்றால் நம்புவீர்களா? யேல் பல்கலைக்கழகத்தில் ஜோன் ஸ்டைட்ஸும் அவருடைய மாணவர் மைக்கேல் லெர்னரும், அந்த நோயாளிகளின் ரத்தத்தில் இருந்த, அவர்கள் உடம்பையே தாக்கும் எதிர்ப்பொருள்களைத் தூண்டிலாகப் போட்டு, செல்லுக்குள்ளிருந்து சிறு ஆர்.என்.ஏ.க்களைப் பிடித்து எடுத்தார்கள். அவற்றில் யு1 என்ற ஒன்றின் எழுத்துகள் இன்ட்ரானின் தொடக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும்படி அமைந்திருந்தன. 1980இல் அவர்கள் வெளியிட்ட கருத்து இது. வெட்ட வேண்டிய இடத்தை ஓர் ஆர்.என்.ஏ.வே இன்னொரு ஆர்.என்.ஏ.வுக்குக் காட்டிக்கொடுக்கிறது!

இனிதான் விஷயமே. எல்லா எக்ஸான்களையும் எப்போதும் சேர்த்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒரு செல் ஓர் எக்ஸானைச் சேர்க்கலாம். இன்னொரு செல் அதே எக்ஸானைத் தாண்டிப் போகலாம். பல எக்ஸான்கள் கொண்ட மனித மரபணுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களைத் தருகின்றன என்று 2008இல் தெரியவந்தது. மண்ணில் வாழும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவுக்கும் சுமார் 20,000 மரபணுக்கள், நமக்கும் சுமார் 20,000 மரபணுக்கள் என்றதும் பலர் மனம் உடைந்துபோனார்கள். உடைய வேண்டியதில்லை. எத்தனை மரபணு இருக்கிறது என்பதோடு, அதை செல் எத்தனை விதமாகப் படிக்கிறது என்பதையும் கேளுங்கள்.

பழ ஈயிடம் கேளுங்கள், அது சொல்லும். பழுத்த வாழைப்பழத்தைச் சுற்றும் அந்தச் சின்ன ஈயின் நரம்பு செல் ஒவ்வொன்றும் கிளை விட்டுப் பரவுகிறது. ஆயிரக்கணக்கான கிளைகள் பின்னிக் கிடக்கும் இடத்தில், இது என் கிளை, இது அடுத்தவன் கிளை என்று அந்த செல்லுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தன் கிளையோடு தானே சிக்கிக்கொள்ளும். அந்த அடையாளத்தைத் தருவது டிஸ்கேம் என்ற ஒரே ஒரு மரபணு. அதில் நான்கு இடங்களில் செல்லுக்குத் தேர்வு உண்டு. முதல் இடத்தில் 12 எக்ஸான்களில் ஒன்று. அடுத்த இடத்தில் 48இல் ஒன்று. அடுத்து 33இல் ஒன்று. கடைசியில் 2இல் ஒன்று. பெருக்கிப் பாருங்கள். 38,016 வடிவங்கள்! அந்த ஈயிடம் இருக்கும் மொத்த மரபணுக்களே சுமார் 14,000தான். ஒரே மரபணுவிலிருந்து, மொத்த மரபணு எண்ணிக்கையை விட இரண்டு மடங்குக்கு மேல் புரத வடிவங்கள்! ஒவ்வொரு நரம்பு செல்லும் அவற்றில் சிலவற்றை எடுத்துத் தன் மேற்பரப்பில் அணிந்துகொள்கிறது. தன் வடிவத்தையே எதிரில் சந்தித்தால், இது நான்தான் என்று உணர்ந்து விலகிப் போகிறது. அந்த 38,016 என்ற கணக்கு 2000ஆம் ஆண்டில் லாரி சிபர்ஸ்கியின் கலிஃபோர்னியா ஆய்வகத்திலிருந்து வந்தது. மனிதரில் இந்த வேலையைச் செய்பவை வேறு புரதங்கள், அவை அமையும் முறையும் வேறு. ஆனாலும் ஸ்ப்ளைசிங்கின் முழு வீச்சு என்ன என்று ஒருவர் கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்த ஈயைத்தான்.

நரம்பு செல்லையும் புற்றுநோய் செல்லையும் ஒரே மேடையில் ஏன் நிறுத்தினேன் என்று சிலர் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். அதற்கு விடையாக ஒரு நோயைச் சொல்கிறேன். ஒரு பெண்மணி நரம்பியல் மருத்துவரிடம் வருகிறார். கண்மணிகள் நிலைகொள்ளாமல் எல்லாத் திசையிலும் துள்ளுகின்றன. நடை தள்ளாடுகிறது. மூளையைப் படம் எடுத்தால் அங்கே கட்டி இல்லை. தேடிக்கொண்டே போனால் மார்பகத்திலோ நுரையீரலிலோ ஒரு சிறிய புற்றுநோய்க் கட்டி. மார்பில் கட்டி இருந்தால் கண் ஏன் துள்ள வேண்டும்?

நியூயார்க்கில் ராபர்ட் டார்னெல் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். இப்படிப்பட்ட நோயாளிகளின் ரத்தத்தில் இருந்த எதிர்ப்பொருள் எதைத் தாக்குகிறது என்று தேடி, 1993இல் அவரும் உடன் உழைத்தவர்களும் ஒரு புரதத்தை அடையாளம் கண்டார்கள். அதன் பெயர் நோவா. நரம்பு செல் மட்டுமே செய்ய வேண்டிய புரதம் அது. மார்பகக் கட்டி அதைத் திருட்டுத்தனமாகச் செய்துகொண்டிருந்தது. உடம்பின் காவல் படை மார்பகத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. ஆகவே அந்நியன் என்று கருதிக் கட்டியைத் தாக்குகிறது. கட்டி அடங்கிச் சிறியதாகவே இருக்கிறது. ஆனால் அந்தத் தாக்குதல் மூளைக்கும் போகிறது. அங்கே நோவா முறையாகக் குடியிருக்கும் நரம்பு செல்களும் அடிபடுகின்றன. கண் துள்ளுவது அதனால்தான்.

அந்த நோவா என்ன வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். ஸ்ப்ளைசிங்! நரம்பு செல்லில் எந்த எக்ஸானைச் சேர்ப்பது, எதை விடுவது என்று சொல்லும் புரதங்களில் அதுவும் ஒன்று. அது சேர்த்தும் விட்டும் அமைக்கும் செய்திகளில் பெரும்பகுதி, ஒரு நரம்பு செல் இன்னொன்றோடு பேசும் இணைப்பிடமான சினாப்ஸைக் கட்டும் புரதங்களுக்கு உரியவை. முதல் நோவா மரபணு நீக்கப்பட்ட எலிக்குஞ்சுகள் பிறந்து சில வாரங்கள்கூட வாழவில்லை. அவற்றின் இயக்க நரம்பு செல்கள் மடிந்துபோயின. 2006இல் யெர்னே உலே என்ற ஆய்வாளரும் டார்னெலின் குழுவும் இன்னொரு விதியைக் காட்டினார்கள். நோவா எக்ஸானுக்குப் பின்னால் உள்ள இன்ட்ரானில் போய் உட்கார்ந்தால் அந்த எக்ஸான் சேர்க்கப்படுகிறது. எக்ஸானிலோ அதற்கு முன்னாலோ உட்கார்ந்தால் விடப்படுகிறது. அதே புரதம்தான். உட்காரும் இடம் மாறினால் ஆணை தலைகீழாகிறது. இதற்குப் பிறகு வந்த ஆய்வுகளில் வேறு பல புரதங்களும் இதே வகை விதிக்குக் கட்டுப்படுவது தெரிந்தது.

அன்பர்களே, இப்போது இந்த உரையின் நடுப்புள்ளிக்கு வருகிறேன். பி.டி.பி.பி.1 என்று ஒரு புரதம். பெயர் கரடுமுரடாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். எக்ஸான்களை மறைத்து, தாண்டிப் போகச் செய்வது இதன் முதன்மையான வேலை. தோல், ஈரல், இன்னும் நரம்பாக மாறாத முன்னோடி செல்கள் என்று உடம்பின் மிகப் பல செல்களில் இது இருக்கிறது. நரம்பு செல்லுக்கு மட்டும் உரிய எக்ஸான்கள் பலவற்றை இது மூடி வைத்திருக்கிறது. நீ நரம்பு அல்ல, உனக்கு இது வேண்டாம் என்று அந்த செல்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

ஒரு முன்னோடி செல் நரம்பு செல்லாக மாற வேண்டிய நேரம் வருகிறது. அப்போது என்ன நடக்கிறது? மிர்-124 என்ற குட்டி ஆர்.என்.ஏ. எழுந்து வந்து பி.டி.பி.பி.1ஐ அடக்குகிறது. மூடி திறக்கிறது. இதுவரை மறைந்திருந்த நரம்பு எக்ஸான்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தியில் ஏறுகின்றன. 2007இல் கலிஃபோர்னியாவில் டக்ளஸ் பிளாக்கின் ஆய்வகமும், ஹார்வர்டில் டாம் மானியாட்டிஸின் ஆய்வகமும் இந்த மாற்றத்தை விளக்கின. சினாப்ஸின் தூண்களில் ஒன்றான பி.எஸ்.டி.-95ஐப் பாருங்கள். அதன் மரபணு நரம்பல்லாத செல்களிலும் நகலெடுக்கப்படுகிறது. ஆனால் பி.டி.பி.பி.1ஓ அதன் உடன்பிறப்பான பி.டி.பி.பி.2ஓ இருக்கும்வரை 18ஆவது எக்ஸான் சேர்வதில்லை. அது சேராத நகலை செல் அழித்துவிடுகிறது. இரண்டும் தணிந்த பிறகே 18ஆவது எக்ஸான் சேர்கிறது, புரதம் உருவாகிறது, சினாப்ஸ் முதிர்கிறது. மரபணுவை விழிக்கச் செய்வது போதாது என்று நான் சொன்னேனே, இதைவிட என்ன சான்று வேண்டும்?

இனி புற்றுநோய் செல்லுக்கு வாருங்கள். நரம்பு செல் எதை அடக்கிவிட்டு நரம்பு செல் ஆனதோ, அதே பி.டி.பி.பி.1ஐப் புற்றுநோய் செல் உயர்த்திப் பிடிக்கிறது! க்ளியோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைக் கட்டியில் இந்தப் புரதம் மிகுதியாக இருக்கிறது. அனெக்சின்-ஏ7 என்ற மரபணுவில் ஒரு சிறிய எக்ஸான் உண்டு. நரம்பு செல் அதைச் சேர்த்துக்கொள்கிறது. அது சேர்ந்த புரதம், செல்லுக்கு வளரச் சொல்லும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற வாங்கியை மேற்பரப்பிலிருந்து இறக்கிச் சிதைக்க உதவுகிறது. க்ளியோபிளாஸ்டோமாவிலோ பி.டி.பி.பி.1 அந்த எக்ஸானைத் தாண்டச் செய்கிறது. வாங்கி சிதையாமல் நிற்கிறது. வளர் என்ற ஆணை ஒலித்துக்கொண்டே இருக்கிறது. ஒரே மூளை, ஒரே மரபணு, ஒரே எக்ஸான். சேர்த்தவன் நரம்பு, விட்டவன் புற்று.

சர்க்கரையைப் பயன்படுத்தும் முறையிலும் இதே கதை. 1920களில் ஜெர்மனியில் ஓட்டோ வார்பர்க் ஒன்றைக் கவனித்தார். ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதும் புற்றுநோய் செல்கள் குளுக்கோஸை முழுமையாக எரிக்காமல் லாக்டிக் அமிலமாக மாற்றி வெளியே தள்ளுகின்றன. இந்தப் பாதையில் பைருவேட் கைனேஸ் என்ற நொதி இருக்கிறது. அதன் மரபணுவில் 9ஆவது எக்ஸானைச் சேர்த்தால் எம்1 வடிவம், அது முதிர்ந்த தசைக்கும் மூளைக்கும் உரியது. 10ஆவது எக்ஸானைச் சேர்த்தால் எம்2 வடிவம், அது கருவிலும் பிரியும் செல்களிலும் காணப்படுவது. மிக் என்ற புற்றுத் தூண்டி மரபணு, பி.டி.பி.பி.1ஐயும் அதன் இரண்டு கூட்டாளிகளையும் உயர்த்தி, நொதியை எம்2 பக்கம் திருப்புகிறது என்று 2010இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் மேன்லி குழு காட்டியது. உடனே எம்2ஐ ஒழித்தால் புற்று ஒழியும் என்று பலர் நம்பினார்கள். ஆனால் எம்2 நீக்கப்பட்ட எலிகளிலும் மார்பகக் கட்டி வளர்ந்தது, இன்னும் வேகமாகவே வளர்ந்தது. மாணவர்களே, இதை மனத்தில் வையுங்கள். ஒரு செல் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான எக்ஸான்களில் முடிவெடுக்கிறது. அவற்றில் ஒன்றை மட்டும் பிடித்து இதுதான் வில்லன் என்று சொல்லிவிட முடியாது.

இன்னொரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பி.டி.பி.பி.1ஐக் குறைத்தால் மூளையின் துணை செல்கள் நரம்பு செல்களாக மாறிவிடுகின்றன, பார்க்கின்சன் நோய்க்கு வழி பிறந்துவிட்டது என்று 2020இல் பெரிய ஆய்விதழ்களில் செய்தி வந்தது. உலகமே மகிழ்ந்தது. அடுத்த ஆண்டே வேறு ஆய்வகங்கள் செல்களின் பரம்பரையைக் குறியிட்டுத் தொடர்ந்து பார்த்தன. புதிதாக மாறியவை என்று எண்ணப்பட்ட செல்கள், முன்பே அங்கிருந்த நரம்பு செல்கள்தான் என்று தெரிந்தது. அடையாளம் காட்ட வைத்த குறி தவறான செல்லில் ஒளிர்ந்திருக்கிறது. நோயாளிகளின் நம்பிக்கையோடு சம்பந்தப்பட்ட ஒன்றில் இப்படிச் சரிபார்த்தவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

புற்றுநோய் செல் நரம்பு செல்லிடமிருந்து விலகி ஓடுகிறது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். சில நேரம் நரம்பு செல்லின் வேடத்தையே போட்டுக்கொள்கிறது. எஸ்.ஆர்.ஆர்.எம்.4 என்று நரம்பு செல்லுக்கே உரிய ஒரு ஸ்ப்ளைசிங் புரதம் உண்டு. 3 முதல் 27 எழுத்துகள் மட்டுமே கொண்ட மிகச் சிறிய எக்ஸான்களைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பது அதன் திறமை. ஆட்டிசம் உள்ளவர்களின் மூளைத் திசுக்கள் சிலவற்றில் இந்த நுண் எக்ஸான்கள் சரியாகச் சேரவில்லை என்று 2014இல் டொராண்டோவில் பெஞ்சமின் பிளென்கோவின் குழு கண்டது. இதே புரதத்தைப் புராஸ்டேட் புற்றுநோயில் பாருங்கள். ஆண் ஹார்மோனைத் தடுக்கும் மருந்து கொடுக்கிறோம். முதலில் கட்டி சுருங்குகிறது. பிறகு சில கட்டிகள், ஆண் ஹார்மோன் வாங்கியில் ஹார்மோன் ஒட்டும் பகுதியே இல்லாத ஏ.ஆர்.-வி7 என்ற வடிவத்தைச் செய்துகொள்கின்றன. மருந்து போய் ஒட்ட வேண்டிய இடமே அங்கு இல்லை! வேறு சில கட்டிகள் எஸ்.ஆர்.ஆர்.எம்.4ஐ உயர்த்தி, நரம்பு மரபணுக்களைப் பூட்டி வைத்திருக்கும் ரெஸ்ட் என்ற புரதத்தின் செய்தியை மாற்றிவிடுகின்றன. பூட்டு உடைந்து, செல் நரம்புச் சாயல் பெற்று, ஹார்மோனே வேண்டாம் என்று வளர்கிறது. மருத்துவர்களுக்கு மிகக் கடினமான நிலை அது.

சில புற்றுநோய்களில் வெட்டும் கருவியிலேயே பழுது. 2011இல் ஜப்பானில் செய்ஷி ஒகாவா தலைமையில் நடந்த ஆய்வு ஒன்று, முதியோருக்கு வரும் மையலோடிஸ்பிளாசியா என்ற ரத்த நோயில் ஸ்ப்ளைசியோசோமின் உறுப்புகளே திரும்பத் திரும்ப மாறியிருப்பதைக் கண்டது. எஸ்.எஃப்.3பி.1 என்ற உறுப்பில் 700ஆவது அமினோ அமிலம் மாறினால் கருவி தவறான எல்லையில் வெட்டுகிறது. நல்ல பிரதி ஒன்று மீதி இருப்பதால் செல் பிழைக்கிறது. அந்த நல்ல பிரதியையும் தடுத்தால் நோய் செல் மடியும் என்ற எண்ணத்தில் ஒரு மருந்து நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. நுரையீரல் புற்றுநோயில் வேறு அனுபவம். அங்கே நூற்றில் சுமார் மூன்று நோயாளிகளின் கட்டியில் மெட் என்ற வாங்கியின் 14ஆவது எக்ஸான் விடுபட்டிருக்கும். வாங்கியைச் சிதைக்கச் சொல்லும் குறி அந்த எக்ஸானில்தான் இருக்கிறது. குறி போனால் வாங்கி அழியாது. 2020 முதல் இதற்கென்றே மருந்து இருக்கிறது, பலனும் தருகிறது. ஆனால் பிழை பெரும்பாலும் எக்ஸானுக்கு வெளியே, எல்லையில் அல்லது இன்ட்ரானில் இருப்பதால் டி.என்.ஏ. சோதனை மட்டும் செய்தால் தவறவிடக்கூடும். ஆர்.என்.ஏ.வைப் பார்த்தால் எக்ஸான் இல்லாதது நேராகவே தெரியும். அவையில் இருக்கும் புற்றுநோய் மருத்துவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முடிவை எடுப்பது செல் என்றால், அந்த முடிவை நாம் மாற்ற முடியுமா? முடியும். மாற்றியும் காட்டியாகிவிட்டது. 2021இல் தமிழ்நாட்டில் ஒரு பெண் குழந்தைக்காக 16 கோடி ரூபாய் ஊசி வேண்டும் என்று ஊர் ஊராக நிதி திரட்டிய செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் குழந்தைக்கு வந்த நோய் எஸ்.எம்.ஏ., அதாவது முதுகுத்தண்டுத் தசைநார்ச் சிதைவு. சுமார் 10,000 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு வருவது. கடுமையான வகையில், மருந்து இல்லாவிட்டால், பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. காரணம், எஸ்.எம்.என்.1 என்ற மரபணு இல்லாமற்போவது. அந்த மரபணு செய்யும் புரதத்தின் வேலை என்ன தெரியுமா? ஸ்ப்ளைசியோசோமின் உறுப்புகளைக் கோத்துக் கட்டுவது!

இந்தக் குழந்தைகளிடம் எஸ்.எம்.என்.2 என்ற மாற்றுப் பிரதி ஒன்று இருக்கிறது. கிட்டத்தட்ட அதே மரபணு. அதன் 7ஆவது எக்ஸானின் ஆறாவது எழுத்து மட்டும் சி-க்குப் பதில் டி. அதனால் அமினோ அமிலம்கூட மாறுவதில்லை. பழைய பாடநூல் கணக்கில் அது மௌனமான மாற்றம். மௌனமா அது? அந்த ஓர் எழுத்தால், எக்ஸானைச் சேர்க்கச் சொல்லும் குறி கெட்டு, விடச் சொல்லும் குறி வலுக்கிறது. 7ஆவது எக்ஸான் பெரும்பாலும் விடுபடுகிறது. முழுமையான புரதம் பத்தில் ஒரு பங்குதான் தேறுகிறது. மௌனம் என்று எண்ணப்பட்ட ஓர் எழுத்தால் ஒரு குழந்தை மூச்சுவிட முடியாமல் போகிறது.

மாசசூசெட்ஸில் ரவீந்திர சிங்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 7ஆவது இன்ட்ரானில், எக்ஸானை விடச் சொல்லும் ஒரு சிறு பகுதியை 2006இல் கண்டுபிடித்தார்கள். கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் ஏட்ரியன் கிரைனர், அயோனிஸ் நிறுவனத்தின் ஃபிராங்க் பென்னட்டோடு சேர்ந்து, அந்தப் பகுதியை மறைக்கும் 18 எழுத்துத் துண்டு ஒன்றை உருவாக்கினார். முதுகுத்தண்டு நீரில் ஊசியாக ஏற்றப்படும் அந்த நுசினெர்சென் 2016 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மரபணுவில் ஓர் எழுத்தையும் அது தொடுவதில்லை. விடாதே, சேர் என்று மட்டும் செல்லுக்குச் சொல்கிறது. நோய்க்குறி தோன்றும் முன்பே இந்த மருந்து கொடுக்கப்பட்ட 25 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். 2019இல் வெளியான கணக்குப்படி 25 பேரும் உயிரோடு இருந்தார்கள். அனைவரும் தாமாக உட்கார்ந்தார்கள். 22 குழந்தைகள் பிடிமானம் இல்லாமல் நடந்தார்கள்! கடுமையான நோய் வரும் என்று எதிர்பார்க்கப்பட்ட பிள்ளைகளில் 22 பேர் நடந்தார்கள். அறிவியலில் நான் படித்த எண்களிலேயே என்னை அதிகம் அசைத்த எண் அது.

2020இல் வாய்வழியாகக் கொடுக்கும் ரிஸ்டிப்ளாம் வந்தது. அதுவும் இதே 7ஆவது எக்ஸானைச் சேர்க்கச் செய்வது. ஆனால் இந்தியாவில் ஒரு குப்பியின் விலை சுமார் ஆறு லட்சம் ரூபாயாக இருந்தது. எந்தக் கூலித் தொழிலாளியால், எந்த ஆசிரியரால் மாதாமாதம் அதை வாங்க முடிந்திருக்கும்? 2025இல் இந்த மருந்தின் காப்புரிமை வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் நாட்கோ என்ற இந்திய நிறுவனத்துக்குத் தடை விதிக்க மறுத்தது, உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. அந்த ஆண்டே அந்த நிறுவனம் அதே மருந்தை ஒரு குப்பி 15,900 ரூபாய் விலையில் வெளியிட்டது. இதுவும் இன்னும் பலருக்குப் பாரம்தான். ஆனால் எட்ட முடியாதது என்ற நிலை போய்விட்டது.

ஆகவே இந்த மேடையிலிருந்து இரண்டு வேண்டுகோள்களை வைத்து அமர்கிறேன். மருந்து எவ்வளவு முன்னால் தொடங்குகிறதோ அவ்வளவு நரம்பு செல்கள் பிழைக்கின்றன; மடிந்த நரம்பு செல்லை எந்த மருந்தும் திருப்பித் தராது. அதனால் பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் செய்யும் சோதனைகளில் எஸ்.எம்.ஏ. சோதனையையும் சேர்க்க வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன். குதிகாலில் எடுக்கும் ஒரு துளி ரத்தம் அதற்குப் போதும். தாய்மார்களே, தகப்பன்மார்களே, பாட்டிமார்களே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ நான்கு மாதம் ஆகியும் ஒரு குழந்தைக்குத் தலை நிற்கவில்லை, கால்களை உதைக்காமல் துவண்டு கிடக்கிறது என்றால், போகப் போகச் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். அந்த வாரத்திலேயே குழந்தைகள் நல மருத்துவரிடம் அழைத்துப் போய், எஸ்.எம்.என். மரபணுச் சோதனை தேவையா என்று நீங்களே கேளுங்கள்.